நானூற்றுப் பன்னிரண்டில் விழும் சேர்வர்

காலை எட்டு நாற்பத்திரண்டுக்கு மென்பொருள் செத்துப்போனது. முதல் நாளும் அதே எட்டு நாற்பத்திரண்டுக்குத்தான் செத்தது, அதற்கு முதல் நாளும் அப்படியே. அந்தக் கட்டடத்தில் நேரம் தவறாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கட்டடம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. வாசலில் 'அரிய ஊசிமருந்து அனுமதிச் சபை' என்று மூன்று மொழிகளில் பலகை. கடைகளில் கிடைக்காத ஊசிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, பதிவேட்டில் உள்ள ஆயிரத்து நூற்று முப்பது நோயாளருக்கு அனுமதிச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது சபையின் வேலை. சீட்டைக் காட்டினால் கீழ்மாடி மருந்தகத்தில் ஊசி தருவார்கள். சீட்டு இல்லாவிட்டால் காலில் விழுந்தாலும் தரமாட்டார்கள். சீட்டை மனிதர் கையால் எழுதக்கூடாது, சேர்வர் என்ற மையக் கணினி மட்டுமே அச்சடிக்கவேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விழா எடுத்துத் தீர்மானித்திருந்தார்கள்.

சேர்வரைக் கவனிப்பவள் நேசமலர். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள், வயது ஐம்பத்தெட்டு, ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம். தொண்ணூறுகளில் யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளம் படித்தவர்களில் நாட்டைவிட்டுப் போகாமல் மிஞ்சிய சிலரில் ஒருத்தி. சேர்வர் நிர்வாகி என்ற பதவி சபையின் ஆளணிப் பட்டியலில் இல்லாதபடியால் அவளைத் 'தரவுப் பதிவாளர், தரம் இரண்டு' என்று போட்டிருந்தார்கள். அவள் இல்லாத நாளில் சேர்வரை நிறுத்தவும் ஆளில்லை, எழுப்பவும் ஆளில்லை.

யுனிக்ஸில் ஒரு மென்பொருள் செத்தால், சாகும் கணத்தில் அதன் நினைவில் என்னென்ன இருந்தனவோ அத்தனையையும் ஒரு கோப்பில் கொட்டி வைத்துவிட்டுத்தான் சாகும். அதைக் கோர் டம்ப் என்பார்கள். எந்த வேலை செய்துகொண்டிருந்தேன், யாருடைய பெயரைத் தேடினேன், எந்த இடத்தில் கால் வைத்து விழுந்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தால் சாவுக்குக் காரணம் தெரிந்துவிடும். மனிதருக்கு இந்த வசதி இல்லாதது அதிகாரிகளின் அதிர்ஷ்டம்.

மே மாதம் முதல் கிழமை நேசமலர் அந்தக் கோப்பைத் திறந்து வாசித்தாள். நாற்பது நிமிடம் எடுத்தது, அதில் பத்து நிமிடம் தேநீருக்குப் போனது. கோப்பு ஒன்றையும் ஒளிக்கவில்லை. மென்பொருள் ஒன்றாம் இலக்கத்திலிருந்து சீட்டு அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டாம் நோயாளரிடம் வந்ததும், அவருடைய வைத்தியரின் பெயரை எடுக்கப் போயிருக்கிறது. வைத்தியர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் பூச்சியம். பூச்சியத்தில் கால் வைத்த மென்பொருள் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. திரும்ப எழுப்பினாலும் ஒன்றிலிருந்துதான் தொடங்கும், திரும்ப நானூற்றுப் பன்னிரண்டில்தான் விழும்.

வைத்தியர் எங்கே போனார் என்பதும் தெரிந்த கதைதான். ஏப்ரல் மாதம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். சபை உடனே அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டது. சபையின் இருபத்தைந்து வருட வரலாற்றில் உரிய நேரத்தில் முடிந்த ஒரே வேலை அது. அவரிடம் மருந்தெடுத்தவர்களில் பதிவேட்டில் மிஞ்சியிருந்தவர் ஒரேயொருவர், நானூற்றுப் பன்னிரண்டு.

நானூற்றுப் பன்னிரண்டின் பெயர் அன்னபாக்கியம். அவரை நேசமலர் கண்டதில்லை. அவருடைய கணவர் நாகேந்திரத்தைத் தினமும் கண்டாள். இளைப்பாறிய தபாலதிபர், எழுபது வயது, பக்கத்து ஒழுங்கையில் நாலாம் மாடி பிளாட். காலை ஏழரைக்கே வந்து மண்டபத்தின் முதல் கதிரையில் இருந்துவிடுவார். மனைவிக்குத் தசைகள் தளரும் ஒரு நோய். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி போட்டால் தன் கையால் தலை சீவுவார், சோறு விழுங்குவார். ஊசி தவறினால் முதலில் கண் இமை விழும், பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. இதையெல்லாம் வைத்தியர் போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மற்ற நோயாளரில் பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று, அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். அன்னபாக்கியத்தின் தசைகளுக்குப் பொறுக்கத் தெரியாது.

நேசமலர் அரைப் பக்கத்தில் காரணத்தை எழுதிக்கொண்டு பணிப்பாளர் நாயகத்தின் அறைக்குப் போனாள். இன்னொரு வைத்தியரின் பெயரை அந்த இடத்தில் போட்டால் போதும், இரண்டு நிமிட வேலை என்றும் அதில் எழுதியிருந்தாள். அதுதான் அவள் விட்ட முதல் பிழை. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைக் கண்டால் பணிப்பாளர் நாயகம் தனஞ்சயனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தனஞ்சயன் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நடக்கும் பரிசளிப்பு விழாக்களில் முன்வரிசை ஆள். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தர மனம் வராதவர், மைக் இல்லாத இடத்திலும் அதே குரலில்தான் கதைப்பார். அவர் தாளை வாசிக்கவில்லை. அந்தக் கோப்பைத் திறக்க யார் அனுமதி தந்தது என்று கேட்டார். தன்னுடைய வேலை அதுதான் என்று நேசமலர் சொன்னாள். தரவுப் பதிவாளர் தரம் இரண்டின் கடமைப் பட்டியலை எடுத்துக் காட்டி, அதில் 'வாசித்தல்' என்ற சொல் இல்லை என்றார்.

"நேசமலர், இது ஒரு மரணம்," என்றார். "மரண விசாரணை அதிகாரி வரமுதல் ஆரும் பிரேதத்தைத் தொடுறேல்லை. நீங்கள் தொட்டு, வெட்டி, காரணமும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறியள். நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அவள் மண்டபத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொன்னாள். எழுநூற்றுப் பத்தொன்பது பேருக்குச் சீட்டு வரவில்லை என்றாள். அவர் கணிப்பானை எடுத்துத் தட்டினார்.

"நானூற்றிப் பதினொரு பேருக்குக் குடுத்திருக்கிறம். நூற்றுக்கு முப்பத்தாறு. ஓ.எல். சோதினையிலை முப்பத்தஞ்சு எடுத்தால் சித்தி. எங்களை ஆரும் பெயில் எண்டு சொல்லேலாது."

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருப்பவர்கள் பணிப்பாளர் நாயகம் ஆவதில்லை. 'கோர் டம்ப் காரணி கண்டறிதல் தொடர்பான உயர்மட்டக் குழு' என்று பதினொரு பேரைக் கொண்ட குழுவொன்றை அன்றைக்கே நியமித்தார். நேசமலருக்கு அதில் இடமில்லை. காரணம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே பக்கச்சார்பு வந்துவிடும் என்று சட்ட அலுவலர் சொல்லிவிட்டார். கூட்டங்களில் கேட்கப்பட்டால் மட்டும் பதில் சொல்லும் ஆளாக, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள்.

முதற் கூட்டம் வெசாக் விடுமுறை கழிந்து நடந்தது. மங்கள விளக்கில் ஐந்து திரி, குழுவில் பதினொரு பேர். யார் யார் ஏற்றுவது என்பதைப் பதவிமூப்பு வரிசையில் தீர்க்க முப்பத்தைந்து நிமிடம் போனது. மின்விசிறிக்கு இரண்டு திரி அணைந்ததால் முதலிலிருந்து ஏற்றினார்கள். பிறகு தேசிய கீதம், வரவேற்புரை, தலைமையுரை. இறந்த மென்பொருளுக்கு இரண்டு நிமிட மௌனம் வேண்டுமா என்று நிர்வாகப் பிரிவுத் தலைவர் கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, ஒழுங்கு தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேண்டாம் என்று முடிவாயிற்று, ஆனால் அந்த முடிவைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு சட்ட அலுவலர் ஒரு நியாயத்தை எடுத்துவைத்தார். கோர் டம்ப் ஓர் அரச ஆவணம். அரச ஆவணம் மூன்று மொழிகளிலும் இருக்கவேண்டும். இப்போது அது எந்த மொழியிலும் இல்லை. ஆகவே முதலில் முழுவதையும் தாளில் அச்சடித்து, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, உறுதிப்படுத்திய பிரதி கிடைத்த பின்பே குழு அதைப் பரிசீலிக்கலாம். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த நேசமலர் கையை உயர்த்தினாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பதாயிரம் பக்கம் வந்தது. சபையில் பெரிய அச்சுப்பொறி ஒன்றுதான், அனுமதிச் சீட்டுகளும் அதில்தான் அச்சாகவேண்டும். ஆகவே அது ஓய்வில்லாமல் ஓடிய ஒன்பது நாளும் நானூற்றுப் பதினொரு பேருக்குக்கூடச் சீட்டு இல்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அச்சுப்பொறியின் சத்தம் கேட்டது. தங்களுக்குத்தான் அச்சாகிறது என்று நம்பிக்கையோடு இருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒன்றில் நாகேந்திரம் நேசமலரைப் படிக்கட்டில் மறித்தார். மறித்தார் என்பது பெரிய சொல், ஓரமாக ஒதுங்கி நின்று தலையை அசைத்தார்.

"தங்கச்சி, மனுசிக்கு இடக் கண் இமை விழுந்திட்டுது. விரலாலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் ரீவி பாக்கிறா. இந்தக் கிழமை வருமோ?"

வரும் என்றாள். வராது என்று சொல்வதற்கு அவளுக்கு அதிகாரம் இருந்ததா இல்லையா என்பது கடமைப் பட்டியலில் இல்லை.

மொழிபெயர்ப்பு வேலை ஜவாஹிறாவின் தலையில் விழுந்தது. கொந்தராத்து அடிப்படையில் வந்த மொழிபெயர்ப்பாளர், மூன்று மொழியும் சுத்தமாகத் தெரிந்த பிள்ளை. மேசையைச் சுற்றி நாற்பதாயிரம் பக்கத்தையும் அடுக்கிவிட்டதில், உள்ளே அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. பக்கங்களில் பூச்சியமும் ஒன்பதும் எஃப் என்ற ஆங்கில எழுத்தும்தான் இருந்தன. மூன்றாம் நாள் நேசமலரைத் தேடி வந்தாள்.

"நேசமலர் அக்கா, இந்த எஃப்ப சிங்களத்துல போட்டுட்டன். தமிழ்ல எப்பிடிப் போடுற?"

"மகள், அது மொழி இல்ல."

"எனக்கும் தெரியும். மொழி இல்லண்டு எழுதிக் குடுத்தா, பொறகு நான் எதுக்குண்டு கேப்பாங்க. டிசம்பர்ல கொந்தராத்து புதுப்பிக்கணும்."

ஜவாஹிறா ஒரு நாளைக்கு நாலு பக்கம் செய்தாள். கணக்குப் பார்த்தால் தமிழ்ப் பிரதி மட்டும் முடிய இருபத்தேழு வருடத்துக்கு மேல் எடுக்கும், விடுமுறை நாட்களைச் சேர்க்காமல்.

ஜூன் மாதம் உற்பத்தித்திறன் அலுவலர் ஷிஹான் யப்பானில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்தார். ஐந்து எஸ் முறையில் அலுவலகத்தை ஒழுங்குபடுத்துவது அவருடைய பொறுப்பு. தேவையானது எது, தேவையில்லாதது எது என்று பிரிப்பார்கள். தேவையானதைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டுவார்கள், தேவையில்லாததற்குச் சிவப்பு அட்டை கட்டி இரண்டு கிழமையில் எறிவார்கள். ஷிஹான் மேசையில் ஸ்டேப்ளர் இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டினார். குப்பைத்தொட்டியைச் சுற்றி ஒட்டினார். மண்டபத்துச் சுவரில் ஒரு பல்லி வழக்கமாக இருக்கும் இடத்தைச் சுற்றியும் ஒட்டினார். நாகேந்திரத்தின் கதிரையைச் சுற்றி ஒட்டும்போது காலைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார், அவரும் தூக்கினார்.

பிறகு சேர்வருக்கு வந்தார். அதன் உள்ளே அறுபத்து மூன்று கோர் டம்ப் கோப்புகள் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. இவற்றை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டார். குழு பரிசீலிக்கிறது என்றாள் நேசமலர். குழு பரிசீலிப்பது தாளை, கோப்பை அல்ல என்று ஷிஹான் சொன்னார், அது உண்மையும்கூட. சேர்வரில் சிவப்பு அட்டை தொங்கியது. உரிமை கோரி நேசமலர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். படிவம் வெள்ளைத் தாளில் இருந்தது, இளஞ்சிவப்பில் இருக்கவேண்டும். பதினைந்தாம் நாள் அறுபத்து மூன்றும் அழிந்தன.

இனிமேல் செத்தாலும் கோப்பு எழுதாதே என்று சேர்வருக்குச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியைத் தட்டும்படி நேசமலருக்கே எழுத்தில் பணிப்புரை வந்தது. தட்டினாள்.

இரண்டாவது கூட்டத்தில் ஷிஹான் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். மே மாதம் முழுவதும் கோடு ஏறிக்கொண்டே போனது, ஜூன் கடைசியில் மலையிலிருந்து விழுந்து பூச்சியத்தில் படுத்துக்கொண்டது. பூச்சியம் கோர் டம்ப். பிராந்தியத்திலேயே எந்தச் சபையும் இதைச் சாதிக்கவில்லை என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தனஞ்சயன் முதன்முறையாகக் கதவுப் பக்கம் திரும்பி, நேசமலருக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"மெசின் இன்னும் சாகுது, சேர். இண்டைக்கும் எட்டு நாப்பத்திரெண்டுக்குச் செத்தது."

"சாகட்டும். ஆனால் ஒண்டும் எழுதிவைக்கேல்லைத்தானே?"

"இல்ல, சேர்."

"எழுத்திலை இல்லாத சாவுக்கு ஒரு நிறுவனம் பொறுப்பெடுக்கேலாது," என்றார் தனஞ்சயன். அதையும் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

நேசமலர் கோழை என்று இந்த இடத்தில் யாருக்கும் தோன்றலாம். அவள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வைத்தியர் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு மேலே போ என்று மென்பொருளில் இரண்டு வரி சேர்த்து, தனியே ஓட்டிப் பார்த்து, ஒழுங்காக ஓடுவதைக் கண்டுகொண்டு போய்க் கேட்டாள். மென்பொருளின் உரிமை அதை எழுதிய கம்பனிக்கு, அவர்களின் அனுமதி வேண்டும் என்றார்கள். பதிவுத்தபால் போனது. அந்த விலாசத்தில் இப்போது கொத்துரொட்டிக் கடை, தபால் திரும்பி வந்தது. திரும்பி வந்த தபாலை மறுப்பாகக் கொள்ளலாம் என்று சட்ட அலுவலர் அபிப்பிராயம் எழுதினார். ஒரு சீட்டை மட்டும் கையால் எழுதலாமா என்று கேட்டாள். கைச்சீட்டுப் புத்தகம் 2004இல் ஒழிக்கப்பட்டது, ஒழித்ததற்கு அடையாளமாகக் கண்ணாடிப் பெட்டியில் மேல்மாடியில் இருக்கிறது, பார்க்கலாம், தொடக்கூடாது என்றார்கள்.

கடைசியாக வைத்தியரை மாற்றும் வழியைப் பிடித்தாள். அதற்கு முந்திய வைத்தியர் ஒப்பமிட்ட விடுவிப்புக் கடிதம் தேவை, மூலப்பிரதியாக. நாகேந்திரம் அவுஸ்திரேலியாவுக்குக் கடிதம் எழுதினார், தொலைபேசியில் கூப்பிட்டார், மகன் முறையான ஒருவரைப் பிடித்து வைத்தியரின் வீட்டுக்கே அனுப்பினார். பதினெட்டாம் நாள் கூரியரில் மூலப்பிரதி வந்தது. அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். தனஞ்சயன் இரண்டு தரம் வாசித்தார். ஒப்பமிட்டவர் பதிவேட்டில் இல்லாதவர், பதிவேட்டில் இல்லாதவரின் ஒப்பம் சபையில் செல்லாது என்று சொல்லி, உறையை மடங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"அவர் பதிவேட்டிலை இருந்தால் கடிதமே தேவையில்லையே, ஐயா," என்றார் நாகேந்திரம்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் தனஞ்சயன்.

அன்றைக்குப் படியிறங்கும்போது நாகேந்திரம் நேசமலரிடம், நேற்றிலிருந்து கஞ்சிகூட இறங்குதில்லை, கரண்டியால் விட்டால் மூக்கால் வருகுது என்று சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே போனாள், இருக்க இடம் இருந்தும்.

ஜூலையில் விருதுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. சிறந்த அரச நிறுவனத்துக்கான விருது. பதினெட்டாம் திகதி வருவார்கள், வரிசையையும் சீட்டு வழங்குவதையும் நேரில் பார்ப்பார்கள். பூச்சியம் கோர் டம்ப் என்ற வரைபடத்தை வைத்து விண்ணப்பித்தவர்களுக்கு, சீட்டு முழுவதும் அச்சாகவேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது. எழுபது நாளில் வராத அவசரம் ஒரு காலையில் வந்தது. மங்கள விளக்குக்கூட ஏற்றாமல் கூட்டம் தொடங்கியது.

"நேசமலர், சுருக்கமாச் சொல்லுங்கோ," என்றார் தனஞ்சயன். "இது எந்த இடத்திலை விழுது?"

"நானூத்திப் பன்னெண்டுல, சேர்."

"நானூற்றிப் பன்னிரண்டு பதிவேட்டிலை இல்லாட்டில் விழுமோ?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். முப்பது வருடம் இயந்திரங்களோடு பழகியதில், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"விழாது," என்றாள்.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடிப்பாளர்கள் ஆனார்கள். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று நிர்வாகப் பிரிவுத் தலைவர் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் தனஞ்சயன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆயிரத்து நூற்று இருபத்தொன்பது பேரின் உயிரை ஒருவர் தடுத்துவைத்திருக்க இந்தச் சபை அனுமதிக்காது. நாங்கள் அந்த நோயாளரை நீக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். புதிதாக விண்ணப்பிக்கும் அவரது உரிமையை அவருக்கே மீள அளிக்கிறோம். புதிய விண்ணப்பங்கள் எட்டு மாதத்துக்குள் கவனிக்கப்படும். இது எங்கள் வாடிக்கையாளர் சாசனத்தில் உள்ள வாக்குறுதி."

அந்த அம்மாவுக்கு எட்டு நாளே கஷ்டம் என்று நேசமலர் சொன்னாள். கேட்காமல் பேசினாள் என்பதற்காக அவளுக்கு அன்று மத்தியானமே விளக்கம் கோரும் கடிதம் வந்தது. கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஓய்வூதியம் என்ற சொல் இரண்டு தரம் இருந்தது. அதனோடு பின்னால் குத்தியிருந்த மற்றத் தாள், நானூற்றுப் பன்னிரண்டாம் பதிவை அகற்றும் பணிப்புரை.

பதினேழாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு அவள் அந்த வரியைத் தட்டினாள். யுனிக்ஸ் 'நிச்சயமாகத்தானா' என்று கேட்டுக்கொண்டு நிற்காது. தட்டினால் முடிந்தது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாளா என்று பிறகு யோசித்தாள். பதில் அவளுக்குத் தெரியும், அதனால் யோசிப்பதை நிறுத்தினாள். மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து கடைசிவரை ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது.

அறிவித்தல் பலகையில் காரணி கண்டறியப்பட்டது, பதினெட்டாம் திகதி முதல் அனைவருக்கும் சீட்டு வழங்கப்படும் என்று மூன்று மொழியிலும் போட்டார்கள். இந்த மொழிபெயர்ப்பு மட்டும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் நாகேந்திரம் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, ஏழு மணிக்கே வந்துவிட்டார். நேசமலரைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார்.

"நீங்கள்தான் பிழையைப் பிடிச்சதாம், எல்லாரும் கதைக்கினம். உங்களை மறக்கமாட்டம், தங்கச்சி. அவவுக்கு இரவு முழுக்க மூச்சு இழுத்தது. இண்டைக்குச் சீட்டு வருது எண்டு காதுக்குள்ளை சொல்லிப்போட்டு வந்தனான். தலையை ஆட்டினவ."

எட்டு நாற்பத்திரண்டு வந்தது, போனது. ஒன்றும் சாகவில்லை. விருதுக் குழு முன்வரிசையில் இருக்க, இலக்கங்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். நானூற்றுப் பதினொன்று என்றதும் நாகேந்திரம் எழுந்து சேட்டின் விளிம்பை இழுத்துவிட்டார். அடுத்து நானூற்றுப் பதின்மூன்று என்றார்கள். எழுபது நாள் காத்திருந்த அந்தப் பெண் ஓடிப்போனாள். நாகேந்திரம் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கருமபீடத்தில் போய்க் கேட்டார். திரையில் அப்படியொரு இலக்கம் இல்லை, முழுவதும் முடியட்டும், இருங்கள் என்றார்கள். மஞ்சள் நாடாவுக்குள் இருந்த தன் கதிரையில் போய் இருந்தார்.

பதினொன்றரைக்குக் கடைசி இலக்கமான ஆயிரத்து நூற்று முப்பதையும் கூப்பிட்டாயிற்று. சீட்டு வாங்கியவர்கள் எல்லோரும் மருந்தகத்துக்கு ஓடிவிட்டார்கள். புகைப்படக்காரர் வந்தபோதுதான் மண்டபத்தில் நோயாளர் தரப்பில் ஒருவரும் இல்லை என்பதைத் தனஞ்சயன் கவனித்தார். ஒருவர் மட்டும் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். அவரை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். நாலு அடி நீளமான மட்டையில் செய்த அனுமதிச் சீட்டு ஒன்றைத் தனஞ்சயனும் விருதுக் குழுத் தலைவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அவரிடம் கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் நோயாளர் பெயர் என்று எழுதி, கோடு மட்டும் போட்டிருந்தது. கமெரா மின்னியது. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். தனஞ்சயன் உரையாற்றினார். ஒரு நோயாளரையும் கைவிடாத நிறுவனம் என்ற வசனம் வந்தபோது குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அவர் உண்மையாகவே நம்பினார்.

எல்லோரும் சிற்றுண்டிக்குப் போனதும் நாகேந்திரம் அந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை வந்திருந்தார். திரும்பும் இடத்தில் அது இடித்தது. நேசமலரைக் கண்டு நின்றார்.

"இதை மருந்தகத்திலை குடுக்கலாமோ, தங்கச்சி? பேர் மட்டும் எழுதினால் காணும்தானே?"

பின்னால் வந்த ஷிஹான், அது விழாவுக்குச் செய்தது, அடுத்த வருடமும் தேவைப்படும் என்று பணிவாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். நாகேந்திரத்தின் கைகள் கொஞ்ச நேரம் நாலு அடி விரிந்தபடியே இருந்தன.

"மெசின் இப்ப விழாதுதானே?" என்று கேட்டார்.

"விழாது, ஐயா."

"அப்ப சரி. என்ர இலக்கம் ஏதோ தவறுப்பட்டுப் போச்சுதாக்கும், நாளைக்கு விடிய வாறன். அவவுக்கு இன்னும் ஒரு இரவு தாங்கும்தானே?"

படிக்கட்டில் வேறு யாரும் இல்லை. மேலே தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார், காத்திருப்பதில் நன்றாகப் பழகியிருந்தார்.

"தாங்கும், ஐயா," என்றாள் நேசமலர்.